மச்சானின் பதில் வருவதற்குள்

1

சென்ற செவ்வாய்க்கிழமை நெஞ்சு வைத்தியர் எங்கள் மகனின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு முன்பக்கம் வைத்துக் கேட்டார். பிறகு குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இனி நீங்கள் இங்கே வரவேண்டியதில்லை என்று சொன்னார். மகனுக்கு இப்போது மூன்று வயது. பெயர் அஸ்லம். அவன் சட்டைத் தெறிகளைத் தானே பூட்டிக்கொண்டு வைத்தியருக்குக் கை காட்டினான். நான் நன்றி சொன்னேன். என் மனைவி ஹாஜறா அவனைத் தூக்கிக்கொண்டாள்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் தூறிக்கொண்டிருந்தது. இங்கே மழை நம் ஊர் மாரியைப் போல வந்து கொட்டிவிட்டுப் போவதில்லை. நாள் முழுக்க மனமில்லாமல் பெய்யும்.

“இனி ஆரு இவன்ட நெஞ்சக் கேட்டுப் பாக்கிற?” என்றாள் ஹாஜறா.

“ஒருத்தரும் பாக்கத் தேவல்ல எண்டுதானே சொல்றாரு. சந்தோசப்படு.”

“சந்தோசந்தான். இந்த ஊருல இவனப் பேர் சொல்லிக் கூப்புடுற இடம் அது ஒண்டுதான். இனி அங்கயும் போகத் தேவல்ல.”

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள இந்தத் தொழில் நகரத்துக்கு நாங்கள் வந்து பத்து வருடமாகிறது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். வேலிக்கு மேலாக வானிலை பற்றிக் கதைப்பார். எங்கள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாது. தொழிற்சாலையில் என்னைக் காஸ் என்று அழைக்கிறார்கள். காசிம் என்பதில் பாதி அவர்களுக்குப் போதும். நெஞ்சு வைத்தியரின் பகுதியில் மட்டும், கதவைத் திறந்துகொண்டு வரும் தாதி ஒருத்தி அஸ்லம் என்ற பெயரைப் பிசகில்லாமல் சொல்லி, எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்று கேட்பாள். அப்படிக் கேட்பதற்கு ஒரு பிள்ளையின் தொடக்கத்தைக் கண்டிருக்க வேண்டும். அவள் கண்டிருந்தாள்.

ஊரிலிருந்து கடிதம் எழுதும் நண்பர்கள் பனியைப் பற்றி எழுது என்கிறார்கள். பனியைப் பற்றி எழுத அதிகமில்லை. விழும், அழுக்காகும், கரையும். அதைவிட, இந்தப் பிள்ளை மூச்சுவிடத் தொடங்கிய விதத்தை எழுதலாம் என்று அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது தோன்றியது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதுகிறேன். எனக்கு வேறு விதமாக எழுத வராது. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனை நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால் வரைபடம் வரைந்தவன் நான். இங்கே தொழிற்சாலையில் இரும்புத் துண்டுகளின் துளைகளை அளந்து, சரியானதை ஒரு பெட்டியிலும் பிழையானதை இன்னொரு பெட்டியிலும் போடுகிறேன்.

2

எண்பத்தாறின் குளிர்காலத்தில் ஹாஜறாவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மூத்தவள் நஸீராவுக்குப் பதின்மூன்று வயது. அவளுக்குப் பிறகு நெடுங்காலம் கழித்து உண்டான பிள்ளை. பகலில் நான் வேலையில் நின்றபோது வலி தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நஸீராதான் அம்புலன்ஸுக்குத் தொலைபேசி எடுத்து, கதவைப் பூட்டி, உம்மாவோடு ஏறிப் போயிருக்கிறாள். எண்ணெய்க் கையோடு நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது. பார்க்கக் கிடைக்கவில்லை. வேறொரு மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இளம் வைத்தியர் ஒருவர் வந்து என்னை இருக்கச் சொன்னார். செம்பட்டைத் தலை, கசங்கிய சட்டை. குறைமாதப் பிள்ளைக்கு எல்லாவற்றிலும் பிந்தி முற்றுவது நுரையீரல் என்று சொன்னார். பிறப்பதற்கு ஒரு நாள் முன்னதாகத் தாய் இங்கே வந்திருந்தால் அவளுக்கே ஸ்டீரொய்ட் ஊசி போட்டிருப்போம், அது தாயின் உடம்பு வழியாகப் போய்ப் பிள்ளையின் நுரையீரலை முற்ற வைக்கும், அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்றார். ஸ்டீரொய்ட் என்ற சொல்லை இந்த நாட்டில் நான் முதன்முதல் கேட்டது அப்போதுதான். அன்றைக்கு அது என் காதில் நிற்கவில்லை.

பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில் வாசலிலேயே நிறுத்தினார்கள். பிள்ளையின் காலில் கட்டியிருந்த பட்டியில் ‘பேபி மீராலெவ்வை’ என்று இருந்தது. அது என் மாமனாரின் பெயர். ஹாஜறாவின் கடவுச்சீட்டில் அவளுடைய வாப்பாவின் பெயர்தான் கடைசியில் வருகிறது. என்னுடையதில் கடைசியில் வருவது காசிம். அப்படியானால் நீங்கள் யார் என்று கேட்டார்கள். தகப்பன் என்றேன். மனைவியின் பெயர் ஏன் வேறு என்றார்கள். எங்கள் ஊரில் பெண் கலியாணம் முடித்தாலும் தகப்பன் பெயரை விடுவதில்லை என்று விளக்கினேன். என் ஆங்கிலம் கந்தோர்க் கடித ஆங்கிலம். “தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் கொண்டுவருகிறேன்” என்ற தோரணையில் வாய் திறந்தால், கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்துவிட்டு உள்ளே விட்டார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் என் முழங்கைக்கும் விரல் நுனிக்கும் இடையில் அடங்கும் பிள்ளை. வாயில் குழாய். மெஷின் ஒரு சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் நெஞ்சு எழும்பித் தாழ்ந்தது. பெட்டியின் பக்கத்தில் கை விடுவதற்கான வட்டத் துவாரம் இருந்தது. அதில் வாயை வைத்து, வலது காதுப் பக்கமாக மெல்லிய குரலில், பிறந்த பிள்ளைக்குச் சொல்லும் தொழுகை அழைப்பான பாங்கு சொன்னேன். மெஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற தாதி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவள் கீழ் வாட்டுக்குப் போய், உங்கள் கணவர் நன்றாகப் பாடுகிறார் என்று ஹாஜறாவிடம் சொல்லியிருக்கிறாள்.

3

ஹாஜறாவுக்குக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் உள்ளவர்களை அந்த மாடிக்கு விடமாட்டார்கள். பிள்ளையை, அவன் பிறந்த நிமிடத்தில், துணிக்குள் அவள் ஒரு தடவை கண்டதுதான். தாதிமார் உடனே படம் வரும் கமராவில் ஒரு படம் எடுத்து அவளுடைய கட்டில் மேசையில் வைத்தார்கள். படத்தில் குழாயும் பட்டியும்தான் தெரிந்தன.

ஊரில் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துச் சரக்கு அரைக்கிற சத்தமும், வந்து வந்து போகிற பெண்களும், பிள்ளை யாரைப் போல என்ற வழக்கும் ஓயாது. ஆண்களுக்கு அங்கே இடமே இல்லை. இங்கே சரக்குத் தூளை நான் சமையல் புத்தகம் பார்ப்பதுபோல நஸீராவிடம் கேட்டுக் கேட்டு வறுத்தேன். அவளுக்கும் தெரியாது. கருகிப் போனதைச் சோற்றில் குழைத்துச் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுபோனேன். ஹாஜறா ஒரு வாய் தின்றுவிட்டு, “நல்லாத்தான் இரிக்கி” என்றாள். அதன் பிறகு வாட்டில் கொடுத்த அவித்த உருளைக்கிழங்கைக் கேட்டு வாங்கித் தின்றாள்.

காலையில் வேலை, பிறகு பஸ், பிறகு கீழ் வாட்டில் ஹாஜறா, மேல் மாடியில் பிள்ளை, பிறகு வீடு. நஸீரா என்னோடு கூட வந்தாள். டொக்டர் சொல்வதை அவள்தான் உம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டின் வாய் அவளாக இருந்தாள்.

செம்பட்டைத் தலை வைத்தியர் ஒருநாள் ஒரு தாளில் நுரையீரலை வரைந்து காட்டினார். எனக்கு உடனே விளங்கியது. பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து வயல் வாய்க்கால். சவளக்கடைப் பக்கம் நான் வரைந்த படங்களைப் போலவே இருந்தது. மெஷின் காற்றைத் தள்ளுவதாலும், அதிகமாகக் கொடுக்கும் ஒட்சிசனாலும், இந்த வாய்க்கால்களின் கரை உள்ளே வீங்கிவிடுகிறது என்றார். வீங்கினால் கடைசி வயல்களுக்குக் காற்றுப் போய்ச் சேராது. சேரவில்லை என்றால் மெஷினை இன்னும் பலமாகத் தள்ளவைக்க வேண்டும். தள்ளத் தள்ள இன்னும் வீங்கும். அவனை உயிரோடு வைத்திருப்பதும் அவனுடைய நெஞ்சைப் புண்ணாக்குவதும் ஒரே மெஷின்தான்.

“அப்ப எப்படி வெளியே எடுப்பீங்க?” என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தக் கேள்வியில் தாழ்மையும் மேலான கவனமும் இல்லை.

அதைத்தான் கதைக்க வந்தேன் என்றார்.

4

அவரும் நானும் நஸீராவும் ஹாஜறாவின் கட்டிலுக்குப் போனோம். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து ஒன்று இருக்கிறது என்றார். மற்ற இடங்களில் பல வாரம் பொறுத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அதற்குள் நெஞ்சு தழும்பேறிவிடுகிறது. நாங்கள் முந்திக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். சில பிள்ளைகள் மெஷினிலிருந்து இறங்கியிருக்கின்றன. கிருமி தொற்றுவதற்கும், இரத்தத்தில் சீனி ஏறுவதற்கும் இடமுண்டு. வளர்ந்த பிறகு என்ன ஆகும் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. உங்கள் கையெழுத்து வேண்டும். இப்படிச் சொன்னார். ஒன்றையும் அவர் மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நஸீரா உம்மாவிடம் திரும்பினாள். “நெஞ்சுக்குள்ள வீங்கியிரிக்காம் உம்மா. அது வத்துறதுக்கு ஒரு மருந்தாம். ஸ்டீரொய்ட்.”

ஹாஜறா படுக்கையிலிருந்து எழும்பி உட்கார்ந்தாள். “எதென்ன? ராத்தா குடிச்சதா?”

ஹாஜறாவின் ராத்தா, அவளுடைய மூத்த அக்கா, மருதமுனையில் தறி வீட்டில் நூல் சுற்றியவள். பஞ்சுத் தூசியில் மூச்சுத் திணறும் முட்டு வருத்தம் வந்தது. தனியார் மருந்துச்சாலையில் கொடுத்த குளிசையைப் போட்டதும் முட்டு நின்றது. அதனால் அதையே வாங்கி வாங்கிப் போட்டாள். முகம் ஊதி உருண்டையாகிவிட்டது. கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. பிறகு சீனி வருத்தம், காலில் ஆறாத புண். நாங்கள் இங்கே வருவதற்கு முன்னரே மவுத்தாகிவிட்டாள். முட்டு கொன்றதா, குளிசை கொன்றதா, சீனி கொன்றதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குளிசையின் பெயரை ஹாஜறாவின் வீட்டில் ஒருவரும் மறக்கவில்லை.

வைத்தியரிடம் கேட்டேன். ஓம், அதே குடும்பத்து மருந்துதான், பிறப்பதற்கு முன் தாய்க்குப் போட நேரமில்லாமற்போன ஊசியும் அதுதான் என்றார்.

“அப்ப வேணாம்” என்றாள் ஹாஜறா. “ராத்தாட மொகத்த நீங்களும் கண்டீங்கதானே. பெரிய மனிசிக்கே அப்பிடியெண்டா இந்தப் பூச்சி தாங்குமா? நல்லகாலம், எனக்கும் அந்த ஊசிய போடாம உட்டாங்க.”

“குடுக்காட்டி மெஷின்லயே கிடப்பானாம் உம்மா.”

“காக்காட்டக் கேக்காம நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்களும் ஒப்பம் வெக்காதீங்க.”

வடக்கிலோ மலையகத்திலோ இருந்து இதை வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் கரையில் கலியாணம் முடித்ததும் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வீடு பெண்ணுக்குக் கொடுத்தது. அதில் மாப்பிள்ளை மரியாதையாக இருப்பான். ஆனால் பெரிய காரியம் என்று வந்தால் மனைவியின் அண்ணன்மாரான காக்காமார் வந்து இருந்து கதைத்து முடிப்பார்கள். நஸீராவின் தொண்டைச் சதையை வெட்ட வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது, அவளுடைய மாமா, அதாவது ஹாஜறாவின் காக்கா ஆதம்பாவா மச்சான் வந்து, தேத்தண்ணி குடித்து, இரண்டு கேள்வி கேட்டு, சரி வெட்டுங்கள் என்ற பிறகுதான் வெட்டினோம். அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. நான் பிறந்த வீட்டில், என் தங்கைகளின் பிள்ளைகளுக்கு நான் அதையேதான் செய்தேன்.

ஆகவே வைத்தியரிடம், மனைவியின் அண்ணனைக் கேட்க வேண்டும் என்று சொன்னேன்.

“அவர் வைத்தியரா?”

“இல்லை. நெல் வேளாண்மை செய்பவர்.”

நான் பகிடி விடுகிறேனோ என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். “எங்கே இருக்கிறார்?”

“இலங்கையில்.”

“நீங்கள்தானே தகப்பன்” என்று மட்டும் சொன்னார். ஓம், நான்தான் தகப்பன். ஊரில் அந்தச் சொல் ஒரு கூட்டத்தின் நடுவில் இருக்கும். இங்கே அது தனியாக நின்றது.

தொலைபேசி வழியாகத் தந்தி கொடுத்தேன். மறுமுனையில் இருந்த பெண் கல்முனை என்பதை எழுத்துக் கூட்டச் சொன்னாள். மருந்தின் பெயரையும் எழுத்துக் கூட்டினேன். கொடுக்கலாமா கூடாதா, ஹாஜறா உங்கள் சொல்லைக் கேட்டு நிற்கிறாள் என்று முடித்தேன். அந்தப் பெண் திருப்பி வாசித்துக் காட்டியபோது, வேறு யாரோ ஒருவருடைய கஷ்டத்தைக் கேட்பது போல இருந்தது.

5

பதில் வரவில்லை. சண்டை நடந்த அந்த மாதங்களில் நம் பக்கத்தில் தபாலும் தொலைபேசியும் பாதையும் எப்படி இருந்தன என்று உங்களுக்குத் தெரியும். மச்சான் வயல் வாடியில் நிற்கிறாரா, வீட்டில் நிற்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. தொழிற்சாலையில் அளந்ததையே திரும்ப அளந்தேன். வைத்தியர் என்னைக் கண்டால் புருவத்தை உயர்த்துவார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவர் ஒட்சிசன் அளவைப் பார்த்துவிட்டுப் போவார். அது ஏறிக்கொண்டே இருந்தது.

நஸீராவுக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்துகொண்டு சண்டை பிடித்தாள்.

“மாமாட்ட ஏன் வாப்பா கேக்கிற? மாமா இவனக் கண்டதுமில்ல.”

“கேக்கிறது மரியாத புள்ள.”

“மரியாத குடுக்கிறதுக்கு முந்தி இவன் மூச்சு விடணுமே வாப்பா!”

முன் இருக்கையில் இருந்த கிழவி திரும்பிப் பார்த்தாள். நஸீரா அதன் பிறகு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். அவள் ஆங்கிலத்தில் கோபப்பட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. கோபத்துக்கு அந்த மொழியே அவளுக்கு வசதியாகிவிட்டது என்பதை அப்போது கண்டுகொண்டேன்.

அடுத்த நாள் ஹாஜறாவுக்குக் காய்ச்சல் விட்டது. சில்லுக் கதிரையில் வைத்து மேல் மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கைகளைக் கழுவவைத்து, நீல அங்கி போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

அவள் அழவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எலும்புக்கு மேலே தோல் மட்டும் இருந்த நெஞ்சு, மெஷின் தட்டும்போதெல்லாம் தூக்கிப் போட்டது.

“இது அவன் விடுற மூச்சில்லையே” என்றாள். “புறத்தியால ஆரோ தள்ளுறாங்க.”

“ஓம். அதத்தான் நான் சொன்ன.”

“நீங்க சொன்ன. நான் இப்பதான் கண்ட.”

வைத்தியர் வந்து அந்தப் பக்கம் நின்றார். ஹாஜறா நஸீராவின் கையைப் பிடித்து இழுத்தாள். “அவருட்டக் கேளு. ராத்தாக்கு அந்தக் குளிசைய நிப்பாட்டச் சொல்லி ஒருத்தரும் சொல்லல்ல. இவனுக்கு எப்ப நிப்பாட்டுவீங்க எண்டு கேளு.”

நஸீரா கேட்டாள். வைத்தியர் ஹாஜறாவை நேராகப் பார்த்துப் பதில் சொன்னார். முதலில் கூடுதலாக, பிறகு ஒவ்வொரு முறையும் குறைத்து, ஒரு கட்டத்தில் முற்றாக நிறுத்திவிடுவோம். பலன் இல்லை என்று கண்டால் அதற்கு முன்னமே நிறுத்துவோம். வருடக்கணக்காகக் கொடுக்க மாட்டோம்.

“சொல்ற இவருதானே நிப்பாட்டுவாரு? வேற ஆரும் வந்தா மறந்துபோக மாட்டாங்களே?”

பெட்டியின் காலடியில் தொங்கிய அட்டையை அவர் கழற்றி, நிறுத்தவேண்டிய நாளை எழுதிக் காட்டினார். ஹாஜறாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

பிறகு என்னிடம் திரும்பினாள். “தந்திக்குப் பதில் வந்தா?”

“இல்ல.”

“காக்கா இவனக் காணல்ல” என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்குச் சொன்னாளா தெரியாது. “இவனக் கண்டு போட்டு நான் எப்பிடிக் காத்திரிக்கிற?”

நான் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தேன். அவள் கையை நீட்டினாள். “தாங்க. நான் வெக்கிறன்.”

அவள் வாழ்க்கையில், கடவுச்சீட்டை விட்டால், அதற்கு முன் நான் அறிய ஒரே ஒரு ஒப்பம்தான் வைத்திருந்தாள், கலியாணத்தின்போது வீட்டு உறுதிப் பத்திரத்தில். அன்றைக்கு அவளைச் சுற்றிக் காக்காமாரும் மாமாமாரும் நின்றார்கள். எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினார்கள். இந்த முறை சில்லுக் கதிரையின் கையில் வைத்தியரின் தாளை வைத்து, தமிழில், முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதினாள். பெயர் கோட்டைத் தாண்டி ஓரம் வரை போனது. வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு, இது அழகாக இருக்கிறது, கீழே ஆங்கிலத்திலும் எழுத முடியுமா என்று கேட்டார். நஸீரா எழுதினாள்.

6

மருந்து தொடங்கியதும் சீனி ஏறியது, அதற்கு வேறு மருந்து கொடுத்தார்கள். ஒரு நாள் கிருமி என்று பயந்தார்கள், அது இல்லை என்று தெரிந்தது. பிறகு ஒட்சிசன் அளவு இறங்கத் தொடங்கியது. மெஷின் தட்டும் வேகத்தைக் குறைத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில், நான் தொழிற்சாலையின் பொருள் அறையில் தனியாகத் தொழுதுகொண்டிருந்தபோது, குழாயை எடுத்துவிட்டார்கள்.

பின்னேரம் நாங்கள் போனோம். பிள்ளை வாயைத் திறந்து அழுதது. சத்தம் வரவில்லை. குழாய் கிடந்த தொண்டை காய்ந்திருக்கிறது, சத்தம் பிறகு வரும் என்று தாதி சொன்னாள். நெஞ்சு மேலும் கீழும் போனது. ஒரு சீராகப் போகவில்லை. ஒருமுறை வேகமாக, ஒருமுறை மெல்ல, இடையில் நின்று, பிறகு அவசரமாக.

“இது அவன்ட” என்றாள் ஹாஜறா.

மருந்துதான் காப்பாற்றியதா என்று வைத்தியரிடம் கேட்டேன். இருக்கலாம், ஒரு பிள்ளையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. சொன்ன நாளில் மருந்தை நிறுத்தினார்கள். ஹாஜறா அட்டையைக் கேட்டு வாங்கி, நஸீராவை வாசிக்கச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் சில மாதம் மூக்கில் ஒட்சிசன் குழாய் இருந்தது. குளிர்காலத்தில் இன்றும் நெஞ்சு இரையும். ஓடினால் மற்றப் பிள்ளைகளுக்கு முதலே களைத்து நின்றுவிடுவான்.

நஸீராவுக்கு இப்போது பதினாறு. எங்களுக்கு மொழிபெயர்க்க அவளுக்கு நேரமில்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. ஹாஜறா இந்த மூன்று வருடத்தில் வைத்தியசாலைக்குப் போதுமான ஆங்கிலம் படித்துவிட்டாள். கடையில் தக்காளி கேட்கக் கூச்சப்படுபவள், ஒட்சிசன் அளவைப் பற்றித் தடுமாறாமல் கதைப்பாள்.

7

மெஷினை எடுத்த அடுத்த கிழமை, நாங்கள் காலைச் சாப்பாட்டில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. கொழும்பு இணைப்புக்காரரின் குரல், பிறகு இரைச்சல், பிறகு ஆதம்பாவா மச்சான்.

“மச்சான்! கேக்குதா? தந்தி பிந்தித்தான் கிடைச்ச. ரோட்டு மூடிக் கிடந்த. நான் சவளக்கடையில, கல்முனைக்கு வர ஏலாமப் பெயித்து. புள்ள இரிக்கானா?”

“இரிக்கான் மச்சான். அல்ஹம்துலில்லாஹ். மெஷின எடுத்திட்டாங்க. தன்ட மூச்சு விடுறான்.”

“அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.” அவர் அழுகிறார் என்று நினைத்தேன். இரைச்சலாகவும் இருக்கலாம். “அப்ப அந்த மருந்து? நான் பெரிய டொக்டருட்டயும் போய்க் கேட்ட. மௌலவிட்டயும் கேட்ட. எல்லாரும் இரிந்து கதைச்சுத்தான் ஒரு முடிவோட வந்திரிக்கன்.”

“மருந்து குடுத்தாச்சு மச்சான்.”

“ஆரு சொல்லிக் குடுத்த?”

ஹாஜறா என் கையிலிருந்து வாங்கினாள். “நான்தான் காக்கா. நான்தான் ஒப்பம் வெச்ச. நீங்க என்ன சொல்ல வந்தீங்க?”

அந்தச் சின்ன வீட்டில் மச்சானின் குரல் எனக்கும் கேட்டது. கோபமில்லாத குரல். பாதை திறக்கும் வரை காத்து நின்று, ஊரில் கேட்கவேண்டியவர்கள் எல்லோரையும் கேட்டு, தங்கச்சிக்கு ஒரு சொல்லைக் கொண்டுவந்த மனிதனின் குரல்.

“இனி அது எதுக்கு புள்ள? முடிஞ்ச வேலதானே. நீ செஞ்சது சரி. இனி எங்களுக்குத் தந்தி அடிச்சிப்போட்டு நிக்காதீங்க. நீங்களே பாத்து நேரத்தோட செய்யுங்க.”

“காக்கா, அப்பிடிச் சொல்லாதீங்க.”

“நல்லதுக்குத்தான் புள்ள சொல்றன்.”

இணைப்பு முடிந்தது. ஹாஜறா கருவியை வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று தொடக்கம் மச்சான் சொன்னபடியே நடக்கிறார். கடிதம் ஒழுங்காக வருகிறது. மழை, வேளாண்மை, மவுத்து, கலியாணம் எல்லாம் எழுதுகிறார். நஸீராவை மேலே படிக்கவைப்பதா என்று ஹாஜறா எழுதிக் கேட்டாள். அஸ்லத்தைக் குளிர் குறைந்த ஊருக்குக் கொண்டுபோவதா என்று கேட்டாள். உங்களுக்குத் தெரியாததா என்று ஒரு வரியில் பதில் வந்தது. இரண்டு தடவையும் அதே வரி.

சென்ற செவ்வாய்க்கிழமை வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகு நான் கேட்டேன். ஹாஜறா அஸ்லத்துக்குச் சோறு குழைத்துக்கொண்டிருந்தாள்.

“மச்சான் அண்டைக்கு என்ன முடிவோட வந்தாரெண்டு எழுதிக் கேப்பமா? இனி புள்ளைக்கு ஒரு பயமுமில்லதானே.”

“கேக்காதீங்க” என்றாள்.

“ஏன்?”

“வேணாம் எண்டு சொல்லத்தான் வந்திரிந்தா, இவன் காக்காட சொல்ல மீறி மூச்சு விடுறவனாப் பெயிருவான்.”

அஸ்லம் வாயைத் திறந்தான். அவள் சோற்றை உருட்டி வைத்தாள்.